நின்றுபோன புல்லட்டின் ஒயரிங்: பழைய வண்டிகளை மீட்போர்க்கு ஒரு திறந்த மடல்

பல ஆண்டுகள் நின்ற புல்லட்டை மறுபடி ஓடவைக்க முனைந்திருக்கும் ஆர்வலர்களுக்கும், அவர்களுக்குக் கைகொடுக்கும் இளம் மெக்கானிக்குகளுக்கும்,

பத்துப் பதினைந்து வருடம் கொட்டகையில் நின்றுவிட்ட மோட்டார் சைக்கிளில் இன்ஜினுக்கு முன்பே கெட்டுப்போவது ஒயரிங்தான். பிஸ்டனிலும் கியரிலும் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். செம்புக் கம்பிக்கு அந்தக் காப்பு கிடையாது. ஒயர் முனையில் உள்ள லக்கின் வாய் வழியாக ஈரக்காற்று புகுந்து கம்பி முதலில் பழுப்பாகும், பிறகு கருக்கும். கடலோர ஊர் என்றால் உப்பும் சேர்ந்து பச்சை பூக்கும். இந்தப் பச்சை லக்கோடு நிற்பதில்லை. உறைக்குள்ளேயே இழை வழியாக ஓரிரு அங்குலம் ஏறிவிடும். பி.வி.சி. உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருள் நாளடைவில் கசிந்து வெளியேறுவதால் உறை விறைத்து, வளைத்த இடத்தில் வெடிக்கிறது. பேட்டரிப் பெட்டியை ஒட்டிய ஒயரை அமில ஆவி அரிக்கிறது. சீட்டுக்கு அடியில் எலி குடித்தனம் நடத்தியிருந்தால் அதன் பங்கும் உண்டு.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான அந்த வண்டியின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. ஒரு காலத்து வண்டியின் உதிரிப்பாகம் இன்னொரு காலத்து வண்டியிலும் பொருந்தியது. அது பெரிய வசதி. ஆனால் ஒயரிங்கைப் பொறுத்தவரை அதுவே பெருங்குழப்பம். 6 வோல்ட்டாகப் பிறந்த வண்டியில் பாதி 12 வோல்ட்டாக மாற்றப்பட்டிருக்கும். காயில் ஒரு காலத்தது, ரெக்டிஃபையர் இன்னொரு காலத்தது, ஹேண்டில்பார் சுவிட்ச் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிப்பாகக் கடையில் கிடைத்த வேறெதுவோ. கைமாறிய ஒவ்வொருவரும் ஒரு ஒயரை வெட்டி, ஒரு ஒயரைச் சேர்த்து, மேலே டேப் சுற்றியிருப்பார்கள். அச்சில் உள்ள ஒயரிங் படம் அந்த வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளைத்தான் காட்டும். இப்போது கண்முன் நிற்பதைக் காட்டாது.

அதனால்தான், வண்டி கைக்கு வந்த முதல் நாளே பழைய ஒயரிங்கை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயரிங் செட் மாட்டும் வழக்கம் தவறான தொடக்கம். புது செட் கம்பியை மட்டும்தான் மாற்றுகிறது. துருப்பிடித்த எர்த், கருத்த பாயிண்ட், தேய்ந்த சுவிட்ச், பொருந்தாத காயில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பழசில் எது எங்கே போனது என்ற தடயமும் குப்பைக்குப் போய்விடும். அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் குறை புதுசிலா பழசிலா என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்காகும். மாற்ற வேண்டியது கடைசியில் மாற்றப்படட்டும். அதற்கு முன் இருப்பதைப் படித்துவிட வேண்டும்.

படிப்பது என்றால் இதுதான். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். நாள்பட்ட டேங்கின் ஆவியும் ஒயரின் தீப்பொறியும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. பேட்டரி வெளியே. சீட்டு வெளியே. ஹெட்லைட் கண்ணாடி வளையத்தைக் கழற்றி டூமுக்குள் பார்வை. எதையும் பிடுங்குவதற்கு முன் நாலா பக்கமும் போட்டோ. பிறகு ஒவ்வொரு முனையிலும் சிறு காகித அட்டை கட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி, ஒரு பெரிய தாளில் வரைய வேண்டும். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. எண்ணெயும் புழுதியும் ஏறிய பச்சையும் நீலமும் ஒன்றுபோலவே தெரியும்; நடுவில் வெட்டிச் சேர்த்த இடத்தில் சிவப்பு கருப்பாக மாறிப் போயிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு கம்பியை இந்த முனையிலும் மறு கம்பியை அந்த முனையிலும் வைத்து உறுதிசெய்த பிறகே தாளில் கோடு விழ வேண்டும். இந்த வேலைக்கு ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்குப் பிறகு பல நாள் போகிறது.

படம் வரையும்போதே இரண்டு கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும். ஒன்று, வண்டி இப்போது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா. பேட்டரிப் பெட்டியின் அளவை வைத்து ஊகிக்காமல் காயில், பல்பு, ஹாரன், ரெக்டிஃபையர் ஒவ்வொன்றின் மேலும் பொறித்திருப்பதைத் துடைத்துப் படிக்க வேண்டும். நான்கும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதி. இரண்டாவது, சட்டத்தோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் எந்த முனை. 1950களிலும் 60களிலும் வந்த பிரிட்டிஷ் வண்டிகளின் லூகாஸ் ஒயரிங்கில் பாசிட்டிவ் எர்த் பரவலாக இருந்தது. அவற்றில் சிவப்பு ஒயர்தான் எர்த். இன்றைய பழக்கத்தில் எர்த் என்றாலே பேட்டரியின் நெகட்டிவ் என்று எண்ணிப் பேட்டரியைத் திருப்பி மாட்டினால் ரெக்டிஃபையரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். காயிலும் பல்பும் திசை மாறினால் பிழைத்துக்கொள்ளும், டயோடு பிழைக்காது.

அடுத்து எர்த். பழைய வண்டியின் ஒயரிங் குறைகளில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது, அழகாக மீட்டெடுத்த வண்டியில் இன்னும் அதிகமாக. காரணம் பெயிண்ட். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போய், வேலையை முடித்து, சட்டத்தின் இரும்பு வழியாகத் திரும்ப வேண்டும். பழைய பெயிண்டில் போல்ட் பதிந்த இடமெல்லாம் வெறும் இரும்பு தேய்ந்து வெளியே தெரியும். புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்த சட்டத்தில் இன்ஜின் மவுண்ட், எர்த் போல்ட், டெயில் லைட் பிடி எல்லாவற்றுக்கும் அடியில் கனமான பிளாஸ்டிக் படலம். இன்ஜின் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் மின்சாரத்துக்கு அது அந்தரத்தில் தொங்குகிறது. அப்போது மின்சாரம் வேறு வழி தேடுகிறது. இன்ஜினையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் இரும்பு வேறெது? கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும்தான். பிளக்குக்குப் பொறி போகிறது, வண்டியும் தடுமாறித் தடுமாறி ஓடுகிறது. ஆனால் கிளட்ச் கேபிளைத் தொட்டால் சுடுகிறது, சில நாளில் உறைக்குள் கேபிள் இறுகிக்கொள்கிறது. கேபிளை மாற்றுவார்கள். அடுத்ததும் இறுகும். குறை கேபிளில் இல்லை.

இதற்கு மருந்து எளிது. எர்த் போல்ட் பதியும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியச் செய்து, வேஸ்லின் தடவி, பல் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். அதோடு நிற்காமல், இன்ஜினின் ஒரு போல்ட்டிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு நேராக ஒரு கனமான ஒயர், ஹெட்லைட் டூமிலிருந்து ஒன்று, டெயில் லைட்டிலிருந்து ஒன்று. தொழிற்சாலைப் படத்தில் இந்த ஒயர்கள் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் போட வேண்டும். அசலைக் கெடுக்கிறோமே என்ற வருத்தம் இதில் தேவையில்லை. வெளியே தெரியாத மூன்று ஒயர்கள் வண்டியின் ஆயுளையே மாற்றுகின்றன.

எர்த்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதைக் கணக்குப் போட்டால் விளங்கும். 6 வோல்ட் வண்டியில் 30 வாட் ஹெட்லைட்டுக்கு 5 ஆம்பியர் ஓட வேண்டும். எரியும் பல்பின் தடை 1.2 ஓம். துருவேறிய ஒரு இணைப்பு 0.2 ஓம் தடையைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டரில் இது கண்ணுக்கே படாத அளவு. ஆனால் மொத்தத் தடை 1.4 ஓம் ஆகிவிட, பல்புக்குக் கிடைப்பது 5.1 வோல்ட்தான். இழை பல்பின் ஒளி வோல்ட்டேஜைவிட மிக வேகமாகச் சரியும், அந்த 0.9 வோல்ட் குறைவுக்கு ஒளி சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது. 12 வோல்ட் வண்டியில் 36 வாட் பல்புக்கு அதே 0.2 ஓம் வந்தால் இழப்பு 0.6 வோல்ட்டுக்கும் குறைவு, ஒளிக் குறைவு 15 சதவீதம் அளவே. பழைய 6 வோல்ட் புல்லட்டின் விளக்கு மெழுகுவர்த்திபோல எரியும் என்ற பேச்சு அமைப்பின் குற்றமல்ல, பெரும்பாலும் இணைப்புகளின் குற்றம்.

மல்டிமீட்டரின் பீப் ஒலியை மட்டும் நம்பிச் சோதிப்பது ஏன் போதாது என்பதும் இதிலிருந்தே புரியும். பதினான்கு இழைகளில் பதின்மூன்று அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனென்றால் அது அனுப்பிப் பார்ப்பது மிகச் சிறிய மின்சாரம். அந்த ஒற்றை இழை ஹெட்லைட்டைச் சுமக்காது. சரியான சோதனை, விளக்கு எரியும்போதே இழப்பை அளப்பது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பி பேட்டரியின் எர்த் அல்லாத முனையில், மறு கம்பி பல்பு ஹோல்டரின் ஒயர் முனையில். காட்டும் எண்தான் அந்தப் பாதையில் தொலைந்த வோல்ட்டேஜ். பிறகு பேட்டரியின் எர்த் முனைக்கும் ஹோல்டரின் உடலுக்கும் இடையே அதே அளவு. இரண்டும் சேர்ந்து 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டைத் தாண்டினால், 6 வோல்ட்டில் 0.3-ஐத் தாண்டினால், கம்பியை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும். எண் திடீரெனக் குதிக்கும் இடத்தில்தான் குறை.

பேட்டரி விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. வருடக்கணக்காகச் சார்ஜ் இல்லாமல் கிடந்த லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகியிருக்கும். அதை உயிர்ப்பிக்க முயல்வது வீண். புது பேட்டரியை ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சார்ஜ் செய்து ஓர் இரவு விட்டுப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு 12.6-ம், 6 வோல்ட்டுக்கு 6.3-ம் நிற்க வேண்டும். ஃபியூஸ் மட்டும் கட்டாயம். எர்த் அல்லாத ஒயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். பழைய கைகள் ஃபியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளோ சுற்றியிருப்பது அரிதல்ல. வண்டி எரிந்துபோக அது ஒன்றே போதும். 12 வோல்ட் வண்டிக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம்.

முதன்முதலாகப் பேட்டரியை இணைக்கும் கணம் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். அதற்கு ஒரு பாதுகாப்பான முறை இருக்கிறது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பை ஹோல்டரோடு கோக்க வேண்டும். 6 வோல்ட் வண்டி என்றால் அதே அளவு 6 வோல்ட் பல்பு. இனி வண்டிக்குள் எங்கே ஷார்ட் இருந்தாலும் 12 வோல்ட் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது. புகை வராது, உறை உருகாது. எல்லா சுவிட்சும் அணைந்த நிலையில் பல்பு இருட்டாக இருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் சாவிக்கு முன்பே ஷார்ட். படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஒயராகக் கழற்ற, எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அங்கே வேலை. இருட்டாக இருந்தால் சாவியைப் போடலாம். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு மங்கிய மஞ்சளாக எரியும். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி இன்ஜினை நகர்த்தினால் ஒரு இடத்தில் அந்த மஞ்சள் டக்கென்று அணையும், இன்னும் நகர்த்தினால் மறுபடி வரும். பாயிண்ட் திறந்து மூடுகிறது, காயிலின் பிரைமரி அறுபடவில்லை, சாவி வேலை செய்கிறது என்ற மூன்று செய்திகளை அந்த ஒரு பல்பு சொல்லிவிட்டது. மாறாமல் பளிச்சென்று எரிந்தால் காயிலுக்கோ பாயிண்டுக்கோ போகும் ஒயர் எர்த்தைத் தொடுகிறது. இன்ஜினை நகர்த்தியும் எரியவே இல்லை என்றால் சாவியிலோ காயிலிலோ பாதை அறுந்திருக்கலாம், அல்லது பாயிண்டின் முகத்தில் கறுப்புப் படலம் படிந்திருக்கலாம்.

அந்தப் படலம் நின்ற வண்டிகளின் பொதுவான நோய். கண்ணுக்குப் பாயிண்ட் பளபளவென்று இருக்கும், மின்சாரம் போகாது. மெல்லிய அரத்தால் ஒன்றிரண்டு இழுப்பு இழுத்து, பிறகு வெள்ளை அட்டையைப் பெட்ரோலில் நனைத்து இரு முகங்களுக்கு நடுவே இழுத்தால் பழுப்புக் கோடு வரும். கோடு வருவது நிற்கும் வரை இழுக்க வேண்டும். எமரி தாளின் மணல் துகள் நடுவில் சிக்கினால் பாயிண்ட் மறுபடி ஊமையாகிவிடும், அதனால் அட்டைதான் கடைசி. இடைவெளி முழுதும் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணளவில் வைப்பது டைமிங்கைக் கெடுக்கும். பாயிண்ட் திறக்கும்போது காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிவதால்தான் பிளக்கில் பொறி எழுகிறது. அந்தச் சரிவு கூர்மையாக இருக்கக் கண்டென்சர் வேண்டும். பாயிண்டில் தடித்த பொறியும் பிளக்கில் சோம்பல் பொறியும் தெரிந்தால் கண்டென்சர் போய்விட்டது. இதைப் பழசாக வைத்துக்கொள்வதில் பெருமையில்லை, மாற்றிவிடலாம்.

இக்னிஷன் சரியானதும் ஹெட்லைட் டூமின் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டருக்கு உயிர் வரும். அது அலங்காரமல்ல. சாவி போட்டு, டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பழைய ஓட்டிகள் முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி டீகம்ப்ரஷரை விட்டு ஒரே உதையில் ஸ்டார்ட் செய்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் ஹாரன் நீங்கலாக வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் இந்தச் சிறு மீட்டரின் இரண்டு திருகாணிகள் வழியாகத்தான் போய்வருகிறது. ஒன்று லூசானால் விளக்கும் இக்னிஷனும் ஒருசேரப் போகும். ஒன்று டூமின் இரும்பைத் தொட்டால் நேரடி ஷார்ட். வாஷரோடு முடுக்கி, மேலே ரப்பர் மூடி போடுவது அவசியம்.

டூமுக்குள் இன்னொரு இடத்தையும் பார்த்துவிட வேண்டும். சட்டத்திலிருந்து ஒயர்க் கட்டு ஸ்டீயரிங் தலையைத் தாண்டும் வளைவு. ஹேண்டில்பார் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த வளைவு மடங்கி நிமிர்கிறது. உறைக்குள் இழைகள் அறுந்து, உறை மட்டும் முழுசாக இருக்கும். விளக்கைப் போட்டு ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினால் விளக்கு சிமிட்டும். அப்படியானால் அந்த இடத்தில் ஒட்டுப் போடாமல், ஒயரை முனைக்கு முனை மாற்ற வேண்டும். ஸ்டேட்டர் ஒயரும் அப்படித்தான். ஆல்டர்னேட்டர் இடப்பக்கச் செயின் கேஸுக்குள் எண்ணெயில் இருப்பதால், ஒயர் ரப்பர் வழியாக வெளியே வரும் இடத்தில் உறை காய்ந்து கண்ணாடிபோல உடையும்.

இதுவரை சேர்ந்த குறிப்புகளை வைத்துத்தான் எந்த ஒயர் நிற்கும், எது போகும் என்று முடிவெடுக்க வேண்டும். மாற்றும் ஒயர் மெல்லியதாக இருக்கக்கூடாது. விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர், அதாவது 0.30 மில்லிமீட்டர் இழை 14. பேட்டரி, ஆம்பியர் மீட்டர், முக்கிய எர்த் ஆகியவற்றுக்கு 2 சதுர மில்லிமீட்டர், இழை 28. 6 வோல்ட் வண்டியில் அதே வாட்டுக்கு இரட்டிப்பு மின்சாரம் ஓடுவதால் ஒரு படி கனமாகப் போடுவது நல்லது. இழைகளை முறுக்கி டேப் அடிப்பது வேலையே அல்ல. டேப்பின் பசை வெயிலில் உருகி வழிந்து, ஈரம் உள்ளே போய், பழைய கதை மறுபடி தொடங்கும். சால்டரிங் பலருக்குப் பிடித்தமானது, ஆனால் ஈயம் இழைக்குள் ஏறி விறைத்த இடத்துக்கு அடுத்த விளிம்பில், ஒற்றை சிலிண்டரின் அதிர்வில், ஒயர் முறியும். நல்ல கருவியால் நசுக்கிய லக்கும், அதன்மேல் சுருங்கும் ஸ்லீவும் இந்த வண்டிக்கு ஏற்றவை. பழைய டயர் டியூபை வெட்டி உறையாகப் போடும் கைவேலையும் மோசமில்லை, கூரிய விளிம்பில் ஒயர் உரசாமல் அது காக்கும்.

சார்ஜிங்கைப் பார்ப்பது இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு. ஸ்டேட்டர் ஒயர்களைக் கழற்றி ஏ.சி. வோல்ட் பார்த்தால் ஆக்சிலேட்டர் கூடக்கூட எண் ஏற வேண்டும். அது ஏறியும் பேட்டரியில் ஏறவில்லை என்றால் ரெக்டிஃபையர். பழைய வண்டிகளில் தகடு தகடாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் அதைக் காட்சிக்கு விட்டுவைத்து, பக்கத்தில் சிலிக்கான் டயோடு பிரிட்ஜ் போட்டுவிடலாம். ரெகுலேட்டர் உள்ள 12 வோல்ட் வண்டியில் நடுத்தர வேகத்தில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும்.

ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர், டெயில் லைட் எல்லாம் மேலே சொன்ன இழப்புச் சோதனையிலேயே அடங்கிவிடும். ஹாரன் கம்மிப் போயிருந்தால் பின்னாலுள்ள திருகாணியைக் கால் சுற்று இரு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே புதுசு வாங்கலாம். எல்.இ.டி. பல்புக்கு ஆசைப்படுவோர், பழைய பல்பில் எல்லாம் சரியாக எரிந்த பிறகு மாற்றட்டும், எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவதால் மோசமான எர்த்தை மறைத்துவிடும். பதிவு 15 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது விளக்கும் ஹாரனும் பார்க்கப்படும் என்பதால் இவை எப்படியும் முடிந்தாக வேண்டிய வேலை.

முதல் 20 கிலோமீட்டர் ஓட்டம் வீட்டைச் சுற்றி, பகலில். திரும்பி வந்ததும் இன்ஜின் சூடு ஆறுவதற்குள் எர்த் போல்ட், ஆம்பியர் மீட்டர் திருகாணி, பேட்டரி முனை, ரெக்டிஃபையர் லக் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடும் இணைப்பு, லூசான இணைப்பு. புது லக்குகள் அதிர்வில் ஒருமுறை இடம் பிடித்து அமர்வதால் 100 கிலோமீட்டரில் இன்னொரு முடுக்கு. முதல் நாள் வரைந்த தாளில் மாற்றங்களையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வைத்துவிட வேண்டும். அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.